புகையின் வரி யார் தலையில்?

2023 பிப்ரவரி முதல் வாரத்தில் டெல்டாவில் பெய்த மழையைப் பருவம் தவறிய மழை என்று செய்தித்தாள்கள் எழுதின. தை பிறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. சம்பா அறுப்புக்கு நின்ற நேரம். பாபநாசம் பக்கத்து வயல்களில் கதிர் தலைசாய்ந்து தண்ணீரில் படுத்தது. இரண்டு மூன்று நாளில் நெல்மணியின் முனையில் வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது. முன்பே அறுத்துக் களத்தில் கொட்டியிருந்தவர்கள் வானத்தைப் பார்த்துத் தார்ப்பாயை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார்கள். கொள்முதல் நிலையத்தில் ஒரு பிடி நெல்லை ஈரப்பத மீட்டரில் போட்டுப் பார்ப்பார்கள். எண் 17-ஐத் தாண்டினால் நெல் மறுபடி களத்துக்கே வரும். அந்த மாதம் அந்த வரம்பை 20 சதவீதம் வரை தளர்த்தினார்கள். அறுப்புக்கு நின்று பாழான பயிருக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் நிவாரணம் என்று மாநில அரசு அறிவித்தது. ஏக்கருக்கு எட்டாயிரம் சொச்சம். நம்மூர்க் கணக்கில் மூன்று மா ஒரு ஏக்கர் என்பதால், மாவுக்கு 2,700 ரூபாய்.

அந்த வாரம் முழுக்கக் களத்துக்கும் கொள்முதல் நிலையத்துக்கும் மொபெட்டில் அலைந்தவர்கள் பங்கில் நின்று நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டார்கள். அந்த நூறில் நாற்பதுக்கு மேல் வரி: மத்திய அரசின் கலால் ஒரு பங்கு, மாநிலத்தின் மதிப்புக் கூட்டு வரி ஒரு பங்கு. வண்டிக்குப் பதினைந்து வருடம் தாண்டிவிட்டால் பதிவைப் புதுப்பிக்கும்போது பசுமை வரி என்று இன்னொன்றும் உண்டு. பருவநிலை கெட்டதற்கு யார் பொறுப்பு, அதற்கான விலையை யார் கொடுப்பது என்று முப்பது வருடத்துக்கும் மேலாக உலக மாநாடுகளில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நம் ஊரில் நெல்லைப் பறிகொடுத்தவரே வரியையும் கட்டிக்கொண்டிருக்கிறார். வாகனப் புகைக்கு வரி போடுவதே தவறா, போடலாம் என்றால் யார்மீது, எதை அளந்து போடுவது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குறிப்பிட்ட ஒரு மழையைக் காட்டி, இது பருவநிலை மாற்றத்தால் வந்தது என்று அறுதியிட முடியாது. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் அது தாங்கும் ஈரம் ஏறத்தாழ 7 சதவீதம் கூடும் என்பது இயற்பியல். வங்கக் கடல் சூடாகச் சூடாக, பெய்தால் கொட்டுகிறது, இல்லாவிட்டால் காய்கிறது. 2016-இல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்து, 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்களாக அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு நவம்பர் 16-இல் கஜா புயல் வந்து பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. 2021 ஜனவரியில் பொங்கலை ஒட்டிப் பெய்த மழையில் சம்பா போனது. மேட்டூர் அணை 2022-இல் மே 24-லேயே திறந்தது. மறு ஆண்டு ஜூன் 12-இல் திறந்தும், தண்ணீர் போதாமல் அக்டோபர் 10-இல் மூடினார்கள். 2024-இல் ஜூலை 28 வரை காத்திருக்க நேர்ந்தது. இந்தக் குழப்பத்தில் கர்நாடகத்துடனான காவிரி வழக்குக்கும் பங்கு உண்டு, எல்லாவற்றையும் வானத்தின் மேல் போட முடியாது. ஆனாலும் ஆனியில் நாற்றங்கால், ஆடியில் நடவு என்று நாள் குறித்து வேளாண்மை செய்த காலம் போய்விட்டது என்பதை இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு முதல் விடை பழைய கணக்கில் இருக்கிறது. கரியமில வாயு ஒருமுறை மேலே போனால் அதில் ஒரு பெரும் பகுதி நூற்றாண்டுக் கணக்கில் அங்கேயே தங்கும். அதனால் இந்த வருடம் யார் எவ்வளவு விட்டார் என்பதோடு, தொழிற்புரட்சி முதல் யார் எவ்வளவு விட்டார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரித்து இதுவரை சேர்ந்த மொத்தத்தில் ஏறத்தாழ கால்பங்கு அமெரிக்காவுடையது. இந்தியாவின் பங்கு 3 சதவீத அளவில்தான். ஆளுக்கு இவ்வளவு என்று வகுத்தால் அமெரிக்கருக்கு ஆண்டுக்கு 14 டன், இந்தியருக்கு 2 டன். 1992-இல் ரியோவில் கையெழுத்தான உடன்படிக்கை, பொறுப்பு எல்லோருக்கும் பொது, ஆனால் அளவு வேறு வேறு என்று ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டதற்கும் கொடுத்ததற்கும் வெகு தூரம். இழப்புக்கும் சேதத்துக்கும் ஒரு நிதி வைக்கலாம் என்று எகிப்தின் ஷார்ம் எல் ஷேக்கில் முடிவெடுக்கவே 2022 ஆகிவிட்டது.

இந்த விவாதத்தில் நம்முடைய நெல்வயலும் ஒரு காலத்தில் குற்றவாளிக் கூண்டில் ஏறியது. தண்ணீர் கட்டிய வயலின் சேற்றில் காற்றுப் புகாது. அங்கே வேலை செய்யும் நுண்ணுயிர்கள் மீத்தேன் வாயுவை விடுகின்றன. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மீத்தேன் கரியமில வாயுவைவிட 28 மடங்கு வெப்பம் ஏற்றக்கூடியது. இந்திய நெல்வயல்கள் ஆண்டுக்கு 3 கோடியே 78 லட்சம் டன் மீத்தேன் விடுகின்றன என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மதிப்பிட்டது. மேலை நாட்டு வயல்களில் எடுத்த அளவை இந்தியாவின் மொத்தப் பரப்போடு பெருக்கிய கணக்கு அது. டெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஏ.பி. மித்ரா தலைமையில் நம் விஞ்ஞானிகள் 1991-இல் நாடு முழுக்க வயலில் இறங்கி, பயிரின் மேல் பெட்டியைக் கவிழ்த்து வாயுவைப் பிடித்து அளந்தார்கள். வந்த விடை ஏறத்தாழ 40 லட்சம் டன். சொன்னதில் ஒன்பதில் ஒரு பங்கு. நம் வயல்களில் பாதி மானாவாரி என்பதும், பாசன வயலிலும் தண்ணீர் எப்போதும் கட்டி நிற்பதில்லை என்பதும் அந்தப் பழைய கணக்குக்குத் தெரியவில்லை. அளக்காமல் பழி போடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

அதே 1991-இல் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையத்திலிருந்து ஒரு சிறு நூல் வெளியிட்டார்கள். உழவனின் மாடும் வயலும் விடும் மீத்தேனையும், பணக்கார நாட்டின் கார் விடும் புகையையும் ஒரே தராசில் போடுவது நியாயமா என்று அதில் கேட்டார்கள். ஒன்று பிழைப்புக்கான புகை, மற்றது சொகுசுக்கான புகை. முப்பது ஆண்டுக்கு மேல் ஆகியும் இந்த விவாதத்தை அளக்க இதைவிட நேர்மையான மரக்கால் கிடைக்கவில்லை என்பது என் கருத்து.

அந்த மரக்காலை வெளிநாட்டுக்கு மட்டும் எடுத்துக்கொண்டு போய், உள்ளூரில் பரணில் போட்டுவிடுவது சரியல்ல. 2007-இல் கிரீன்பீஸ் இந்தியா அமைப்பு ஓர் ஆய்வு வெளியிட்டது. இந்தியாவின் உச்சியிலுள்ள ஒரு சதவீதத்தினர் ஆளுக்கு விடும் கரி, அடித்தட்டில் ஒருவர் விடுவதைப்போல் நாலரை மடங்கு என்றது அது. ஆளுக்கு 2 டன் என்ற சராசரி, மாடி வீட்டின் மூன்று ஏசியையும் குடிசையின் ஒற்றை விசிறியையும் கூட்டி வகுத்த எண். வெளியே போய் ஏழை நாடு என்று வாதாடி வாங்கும் சலுகை, உள்ளே பெரிய கார் வைத்திருப்பவருக்கே போய்ச் சேருமானால், அந்த வாதத்துக்கு வலு எங்கிருந்து வரும்?

இனி வாகனத்துக்கு வருவோம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு. டீசலுக்கு ஏறத்தாழ 2.7 கிலோ. புது வண்டி, பழைய வண்டி, விலை உயர்ந்தது, மலிவானது என்ற பேதம் இதில் கிடையாது. எரித்த லிட்டர்தான் கணக்கு. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் மொபெட்டை எடுத்துக்கொள்வோம். பின்சீட்டில் உர மூட்டையோ வெற்றிலைக் கூடையோ கட்டிக்கொண்டு நாளைக்கு 10 கிலோமீட்டர், வருடத்தில் 300 நாள் ஓடினால் 60 லிட்டர், அதாவது 138 கிலோ கரியமில வாயு. லிட்டருக்கு 12 கிலோமீட்டர் தரும் பெரிய டீசல் கார் வருடம் 15,000 கிலோமீட்டர் ஓடினால் 1,250 லிட்டர், அதாவது 3,300 கிலோவுக்கு மேல். இருபத்துநாலு மொபெட்டுக்குச் சமம் அந்த ஒரு கார். லிட்டருக்கு 5 கிலோமீட்டர் ஓடும் பேருந்தில் ஐம்பது பேர் உட்கார்ந்து போனால் தலைக்கு, கிலோமீட்டருக்கு, 11 கிராம். மொபெட்டுக்கு 46 கிராம். காரில் ஒருவர் தனியாகப் போனால் 220 கிராமுக்கு மேல்.

இந்த எண்களை மனதில் வைத்துக்கொண்டு வரிகளைப் பாருங்கள். தமிழ்நாட்டில் புது வண்டி வாங்கும்போது கட்டும் வாழ்நாள் வரி விலையைப் பொறுத்தது. 2023 நவம்பரில் திருத்தியபடி, 5 லட்சம் வரையிலான காருக்கு 12 சதவீதம், 20 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம். விலை கூடின கார் அதிகம் குடிக்கும் என்று பொதுவாக எடுத்துக்கொண்டாலும், இந்த வரி புகையை நேராக அளப்பதில்லை. பசுமை வரி அளப்பது வயதை. 2021 ஜனவரியில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஒப்புதல் கொடுத்து மாநிலங்களுக்கு அனுப்பிய திட்டமும் வயதைத்தான் பிடித்தது: சரக்கு, பயணிகள் வண்டிகளுக்கு எட்டு ஆண்டுக்கு மேல், சொந்த வண்டிகளுக்குப் பதினைந்து ஆண்டுக்கு மேல். அதற்கு அமைச்சகம் சொன்ன காரணம் புறக்கணிக்கத்தக்கதல்ல. வாகனங்களில் 5 சதவீதமாக இருக்கும் வணிக வண்டிகள் 65 முதல் 70 சதவீத மாசை விடுகின்றன என்றது. டிராக்டர், அறுவடை எந்திரம் ஆகியவற்றுக்கு விலக்கும் அளித்தது. கண்ணை எரிக்கும் கரும்புகையைக் குறைக்க இந்த வரி பொருத்தமானதே. நுரையீரலில் போய் உட்காரும் அந்தத் தூசு வேறு, வானத்தைச் சூடாக்கும் கரியமில வாயு வேறு. இரண்டையும் ஒன்றாகப் பேசுவதில்தான் பெரும் குழப்பம் வருகிறது. புகைச் சான்று எடுக்கப் போனால் குழாயில் கம்பியை விட்டுக் கார்பன் மோனாக்சைடையும் எரியாத எண்ணெய் ஆவியையும் பார்க்கிறார்கள். கிலோமீட்டருக்கு எத்தனை கிராம் கரியமில வாயு என்பது அந்தச் சீட்டில் இருக்காது. பதினாறு வயது மொபெட் பசுமை வரி கட்டும். நேற்று வாங்கிய பெரிய கார் அதைக் கட்டாது, அது ஓடுகிற தூரத்தையும் யாரும் கேட்கமாட்டார்கள்.

கரியை உள்ளபடி அளக்கிற வரி நம்மிடம் ஒன்றுதான் இருக்கிறது. அது எண்ணெய் மீதான வரி. 2025 ஏப்ரலில் லிட்டருக்கு 2 ரூபாய் ஏற்றியபின் பெட்ரோல் மீதான மத்தியக் கலால் 21 ரூபாய் 90 காசு ஆனது. அதை 2.3 கிலோவால் வகுத்தால் ஒரு டன் கரியமில வாயுவுக்கு 9,500 ரூபாய் ஆகிறது. மாநில வரி தனி. கார்பன் வரிக்குப் பேர்போன சுவீடன் வாங்குவது டன்னுக்கு 100 யூரோவுக்கு மேல். நம் கலால் மட்டுமே ஏறத்தாழ அதற்குப் பக்கத்தில் நிற்கிறது. இந்தியாவில் கார்பன் வரி இல்லை, கொண்டுவர வேண்டும் என்று எழுதுகிறவர்கள் இதைப் பார்ப்பதில்லை. இருக்கிறது. மொபெட் ஓட்டுகிறவர் கட்டிக்கொண்டிருக்கிறார்.

கட்டாதவர் யார்? 2010-இல் நிலக்கரிக்கு டன்னுக்கு 50 ரூபாய் என்று தூய எரிசக்திக்கான மேல்வரி தொடங்கியது. படிப்படியாக ஏறி 2016-இல் 400 ரூபாய் ஆனது. ஒரு டன் நிலக்கரி எரிந்தால் ஒன்றரை டன் அளவுக்குக் கரியமில வாயு வரும். அப்படியானால் அனல்மின் நிலையம் டன் கரியமில வாயுவுக்குக் கொடுத்தது சுமார் 250 ரூபாய். பெட்ரோல் போடுகிறவர் கொடுப்பதில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. 2017-இல் சரக்கு சேவை வரி வந்தபோது அந்தப் பணம் மாநிலங்களின் வருவாய் இழப்பை ஈடுகட்டத் திருப்பப்பட்டது. 2025 செப்டம்பரில் அந்த மேல்வரியே நீங்கி, நிலக்கரிக்குச் சரக்கு சேவை வரி 5-லிருந்து 18 சதவீதம் ஆனது. அதே நாளில் பெரிய கார்களுக்கு இருந்த 50 சதவீதம் வரையிலான மொத்த வரி 40 ஆகக் குறைந்தது. நீளம், எஞ்சின் கொள்ளளவு, தரையிலிருந்து உயரம் என்று பார்த்துப் பெரிய வண்டிக்குக் கூடுதலாகப் போட்டிருந்த மேல்வரி அது. புகைக்கு வரி என்ற எண்ணத்துக்குக் கொஞ்சமாவது பக்கத்தில் இருந்த ஒன்று, அதுவும் போனது. சிறிய காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் வரி 18 ஆனதை நான் வரவேற்கிறேன். பெரிய காருக்குக் குறைத்ததற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

வாங்கின வரி எங்கே போனது என்பது அடுத்தது. 2010 முதல் 2018 வரை நிலக்கரி மேல்வரியாக வந்தது 86,000 கோடிக்கு மேல். தூய எரிசக்தி நிதிக்குப் போய்ச் சேர்ந்தது 30,000 கோடிக்கும் குறைவு. திட்டங்களுக்கு உண்மையில் செலவானது 16,000 கோடி அளவில். பசுமை என்று பெயர் சொல்லி வாங்கிய பணத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட அந்த வேலைக்கு ஆகவில்லை. பாபநாசத்தை ஒட்டிய திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்துச் செங்கல் நெற்களஞ்சியம் ஒன்று இன்றும் நிற்கிறது. கூம்பி எழும் அந்தச் சுவரைப் பக்கத்தில் நின்று பார்த்தால், கோயிலுக்கு அளந்த நெல் எங்கே சேர்ந்தது என்பது ஊருக்கே கண்கூடாகத் தெரிந்த காலம் அது என்று தோன்றும். நாம் கட்டும் எண்ணெய் வரிக்கு அப்படி ஒரு களஞ்சியம் இல்லை.

வயலையும் வரியையும் சேர்த்து நம் மொழியில் வெகு காலத்துக்கு முன்பே ஒரு புலவர் பேசியிருக்கிறார். புறநானூற்றின் 184-ஆம் பாட்டில் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்குச் சொல்வது இதுதான்: அறுத்துக் கவளமாக ஊட்டினால் ஒரு மாவுக்குக் குறைந்த நிலத்து நெல் கூட யானைக்குப் பல நாள் வரும், யானையே வயலில் இறங்கினால் தின்பதைவிடக் காலில் மிதிபடுவது அதிகம். 2019 ஜூலை 5-இல் மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் தம் நிதிநிலை உரையில் இந்தப் பாட்டைச் சொன்னார். அதே உரையில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 2 ரூபாய் கூடியது. பாட்டின் நீதியை அந்த 2 ரூபாயோடு வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். பங்கில் ஏழைக்கும் பணக்காரருக்கும் ஒரே விலை. 60 லிட்டர் போடுகிறவர் அந்தப் பணத்தை எண்ணிப் பார்ப்பார். 1,250 லிட்டர் போடுகிறவர் அதை உணர்வதில்லை.

பிற நாடுகளில் நடந்ததும் இதையே காட்டுகிறது. பிரான்சில் 2018 நவம்பர் 17-இல் மஞ்சள் மேலங்கி போட்டுக்கொண்டு சாலை வட்டங்களில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் சிற்றூர்க்காரர்கள். ரயிலும் பேருந்தும் இல்லாத ஊரில் வேலைக்குப் போகக் கார்தான் வழி. பணக்காரர்களின் சொத்து வரியைக் குறைத்த கையோடு டீசல் வரியை ஏற்றியதை அவர்களால் பொறுக்க முடியவில்லை. டிசம்பரில் அரசு பின்வாங்கியது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2008-இல் டன்னுக்கு 10 டாலரில் கார்பன் வரியைத் தொடங்கியபோது, வந்த பணத்தை வருமான வரிக் குறைப்பாகவும் ஏழைகளுக்கு நேரடித் தொகையாகவும் திருப்பிக் கொடுத்தது. அது பல ஆண்டு நிலைத்தது. ஆனால் கனடா முழுவதற்குமான எரிபொருள் கட்டணத்தை, வீட்டுக்கு வீடு பணம் திருப்பிக் கொடுத்துவந்தும், 2025 ஏப்ரல் 1-இல் கைவிட்டார்கள். பங்கில் கொடுப்பது கண்ணில் படுகிறது, வங்கிக் கணக்கில் வருவது படுவதில்லை. பக்கத்து இலங்கை 2019-இல் எஞ்சின் கொள்ளளவையும் வண்டியின் வயதையும் வைத்து வாகனங்களுக்குக் கார்பன் வரி போட்டது. அது நிலைக்கவில்லை. பிரிட்டன் 2001 முதல் காரின் ஆண்டு வரியைக் கிலோமீட்டருக்கு எத்தனை கிராம் கரியமில வாயு என்ற அளவில் வைத்தது. எனக்குப் பொருத்தமாகத் தோன்றுவது இந்த வழிதான். இந்தியாவில் ஒவ்வொரு கார் மாடலுக்கும் அந்த கிராம் கணக்கு சோதனையில் ஏற்கெனவே எடுக்கப்படுகிறது. கம்பெனிகளின் சராசரி 113 கிராமைத் தாண்டக் கூடாது என்று 2022 முதல் விதியும் இருக்கிறது. கையில் இருக்கும் அந்த எண்ணை வாழ்நாள் வரியில் சேர்ப்பது சிரமமான வேலை அல்ல.

மின்சார வண்டியைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. தமிழ்நாடு 2023 தொடக்கத்திலிருந்து 2025 முடிய அவற்றுக்கு 100 சதவீத வரிவிலக்கு அறிவித்தது. தெருவில் புகை குறையும். ஆனால் அனல்மின் நிலையத்தில் எரிகிற நிலக்கரிக்குச் சரியான வரி போடாமல் வண்டியை மட்டும் மாற்றினால் புகை இடம் மாறும், அவ்வளவுதான்.

இப்போது நம் வயலுக்குத் திரும்ப வேண்டும். மித்ரா குழுவினர் நம்மைப் பழியிலிருந்து விடுவித்தார்கள் என்பதோடு நிறுத்திக்கொண்டால் நான் பாதி உண்மையைத்தான் சொன்னவனாவேன். அடுத்து வந்த அளவீடுகளின்படி, விடாமல் தண்ணீர் கட்டிய வயல் ஒரு போகத்தில் ஹெக்டேருக்கு 162 கிலோ மீத்தேன் விடுகிறது. இடையில் ஒருமுறை காயவிட்டால் 66 கிலோ. பலமுறை காயவிட்டுப் பாய்ச்சினால் 18 கிலோ. ஏக்கருக்கு மாற்றினால், தண்ணீர் கட்டியே வைத்த வயலின் ஒரு போகம் 800 லிட்டர் பெட்ரோல் எரித்ததற்குச் சமம். காய்ச்சலும் பாய்ச்சலுமாக வைத்தால் 90 லிட்டருக்குள் அடங்கும். காயவிடும்போது நைட்ரஸ் ஆக்சைடு கொஞ்சம் கூடும் என்றாலும் மொத்தத்தில் குறைவே.

காய்ச்சலும் பாய்ச்சலும் நமக்குப் புதிய பாடமல்ல. ஒற்றை நாற்று நடவு செய்கிறவர்கள் அதைச் செய்கிறார்கள். துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் பதித்து, உள்ளே தண்ணீர் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் பாய்ச்சினால் போதும். விளைச்சல் குறையாது, தண்ணீரும் மிச்சம். பிறகு ஏன் எல்லோரும் செய்வதில்லை? முறை வைத்துத் தண்ணீர் விடும் வாய்க்காலில், இன்று வந்த தண்ணீரைக் கட்டி வைக்காவிட்டால் அடுத்த முறை எப்போது வருமோ என்ற பயம்தான் காரணம். நம் களிமண் அதிகம் காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். அதில் பாயும் தண்ணீர் வெடிப்போடு போய்விடும். அடைமழையில் சம்பா வயலை வடியவிடுவதே பெரும்பாடு, காயவிடுவது எங்கே? ஆகவே குறுவையில், அதுவும் வடிமுனைக் குழாய்க் கிணறு இருக்கிற இடத்தில்தான் இது இன்றைக்குக் கைகூடும். கடைமடை வரை தண்ணீர் வரும் என்ற உறுதியைக் கொடுத்தால் மீத்தேன் தானே குறையும். உழவனுக்கு உபதேசம் செய்வதற்கு முன் மடையைச் சரிசெய்ய வேண்டும்.

இந்த மண் தன் பங்குக்கு ஒன்று செய்திருக்கிறது என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். நிலத்தடி மீத்தேனை எடுக்கும் திட்டத்துக்கு எதிராக மக்கள் நின்றார்கள்; எண்ணெய், எரிவாயு எடுப்பதற்கு எதிராக 2017-இல் நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் நின்றார்கள். 2020 பிப்ரவரியில் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக்கும் சட்டம் வந்தது. எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் புதிதாக மண்ணைத் தோண்டவிடமாட்டோம் என்று சொன்ன ஒரு பகுதிக்கு, உலகத்தின் புகைக் கணக்கில் வரவு எழுதும் ஏடு இன்னும் திறக்கப்படவில்லை.

வாகனப் புகைக்கு வரி வேண்டுமா என்றால், வேண்டும். கூடுதல் கரி விடும் பெரிய காருக்கு, வாங்கும்போதே, கிராம் கணக்கில் வேண்டும். நிலக்கரிக்கு, பெட்ரோலுக்குப் போடுவதில் கால்பங்காவது வேண்டும். பழைய மொபெட்டை விட்டுவிட வேண்டும். எண்ணெய் வரியை இதற்கு மேல் ஏற்றுவதானால், ஏற்றிய ஒவ்வொரு ரூபாயும் பேருந்தாக ஊருக்குத் திரும்பி வர வேண்டும். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. தமிழ்நாட்டில் பருவநிலைக்காக என்று சொல்லாமலே பருவநிலைக்கு நன்மை செய்த திட்டங்களில் இது முதன்மையானது என்று நான் கருதுகிறேன். 1972-இல் சோழன் போக்குவரத்துக் கழகமாகத் தொடங்கிய நம் கும்பகோணம் கழகத்தின் வண்டிகளில், காலையில் களையெடுக்கப் போகும் பெண்கள் அரிவாளும் தூக்குவாளியுமாக ஏறுவதைப் பாருங்கள். ஆனால் அந்த வண்டி உள்கிராமத்துக்கு ஒரு நாளைக்கு எத்தனை நடை வருகிறது? மாலையில் கடைசி வண்டியைத் தவறவிட்டவர் மறு மாதம் தவணையில் இரு சக்கர வண்டி எடுக்கிறார். அவரைக் குற்றம் சொல்ல யாருக்கும் வாயில்லை.

2024 மார்ச் 21-இல் உச்ச நீதிமன்றம், பருவநிலை மாற்றத்தின் தீங்கிலிருந்து விடுபட்டு வாழ்வது அடிப்படை உரிமை என்று சொன்னது. 2025 ஜூலை 23-இல் ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றம், பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை, தவறினால் ஈடு கொடுக்க நேரலாம் என்று கருத்துரைத்தது. இரண்டும் நமக்குப் பக்கபலம். ஆனால் டெல்லியும் ஹேக்கும் சொன்னது பாபநாசம் களத்துமேட்டுக்கு வந்து சேர, யாராவது கேட்க வேண்டும்.

அடுத்த கிராம சபைக்குப் போகிறவர்கள் இரண்டு தீர்மானங்களைக் கொண்டுபோங்கள். நம் ஊருக்கு மாலை ஏழு மணிக்குமேல் இன்னொரு நடை பேருந்து வேண்டும் என்பது ஒன்று. குறுவைக்கு முறைத் தண்ணீர் எந்தத் தேதியில் நம் வாய்க்காலுக்கு வரும் என்பதை முன்கூட்டி எழுதி ஒட்ட வேண்டும் என்பது மற்றொன்று. அதற்கான பணத்தை நாம் லிட்டர் கணக்கில் ஏற்கெனவே கட்டிவிட்டோம்.